‘கந்தன்’ பேருக்கு விளக்கம் கேட்டு யாராவது மாட்டுப்பட்டிருக்கிறீர்களா?

கொக்குவிலான்:
எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்பு, சரவணப் படலம். அம்மை ஆறு பிள்ளைகளையும் அள்ளி அணைத்து ஒன்றாக்கியதால்தான் கந்தன் என்று பேர் வந்தது என்று பாட்டுக்குப் பொருள் சொல்கிற ஐயா பயன் சொன்னார். சமஸ்கிருதம் படிக்கிற ஒரு பிள்ளை எழும்பி, “வால்மீகி பாலகாண்டத்தில் வேறு மாதிரி இருக்கு ஐயா. கர்ப்பத்திலிருந்து நழுவி விழுந்ததால் தேவர்கள் ஸ்கந்தன் என்றார்களாம்” என்றது. ஐயா கண்ணாடியைக் கழற்றிச் சால்வை முனையால் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசிக்கிறவரிடம், “ம், அடுத்த பாட்டு.” தெரியாமல் விட்டாரா, சபையில் வேண்டாமென்று விட்டாரா? இன்னும் மண்டையைக் குடையுது.

வடமராட்சியான்:
தெரியாமல் இருக்காது. கந்தபுராணம் பாடிய கச்சியப்பரே வடமொழி ஸ்காந்த புராணத்தைப் பார்த்துத்தான் பாடினார். அந்தப் பிள்ளைதான் இடம் பொருள் பார்த்திருக்க வேணும். என் கதை செல்வச் சன்னதி முருகன் கோயிலில். வெளிநாட்டு மருமகன் பூசகரிடம் போய், “முருகனுக்கு எந்த நாமத்தைச் சொல்லி அர்ச்சனை செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டான். அவர் வாயில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அங்கே வாய் கட்டித்தானே பூசை! எனக்குத்தான் வெட்கமாய்ப் போனது.

நல்லூர் மாமி:
வடமராட்சித் தம்பி, பிள்ளையில் என்ன பிழை? கேட்கத்தானே படிப்பு வைக்கிறது. எங்கள் வீட்டில் பேரனுக்கு ஸ்கந்தன் என்று வைக்கப்போக, சம்பந்தி அம்மா போனில் அர்த்தம் தேடி, “சிந்தினவன் என்று போட்டிருக்கே!” என்று தொட்டிலுக்குப் பக்கத்திலேயே அழத் தொடங்கிவிட்டா. கடைசியில் வேறு பேர்.

பேர் வைக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு அர்த்தத்தைப் பார்த்துவிட்டுப் பயப்படாதேங்கோ. ‘ஸ்கந்த்’ என்ற அதே வினையடிக்குப் பாய்தல், துள்ளுதல் என்றும் பொருள் இருக்கு. கீதை 10ஆம் அத்தியாயத்தில் கண்ணன், சேனாபதிகளில் நான் ஸ்கந்தன் என்கிறார். சாந்தோக்கிய உபநிடதம் நாரதருக்கு உபதேசித்த சனத்குமாரரையே ஸ்கந்தன் என்கிறது. இவ்வளவும் இருக்க, போன் சொல்கிற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா? அப்புறம், ‘ஸ்க’ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாயில் வராது. கந்தன் என்றே பதியுங்கோ. எண்சாத்திரக்காரரிடம் மட்டும் போகாதேங்கோ, இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்து அனுப்புவார்.

கொக்குவிலான்:
மாமி, நான் பேர் வைக்கக் கேட்கவில்லை.