கோவை பர்கர் கடை குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினால் எதை மாற்றுவது, எதை விடுவது?

மேட்டுப்பாளையத்தான்:

வணக்கம். கோவையில் நான்கு கிளை வைத்திருக்கும் ஒரு சிக்கன், பர்கர் கடை அடுத்து குன்னூர் பெட்ஃபோர்டிலும் கொடைக்கானலிலும் கிளை போடுகிறது. மெனுவும் கிச்சனும் திட்டமிடும் பொறுப்பு என்னுடையது. உலகம் முழுக்கக் கடை போட்ட மெக்டொனால்ட்ஸ் மாதிரியானவர்கள் ஊருக்கு ஊர் எதை மாற்றினார்கள், எதைத் தொடவே இல்லை? மலைக்கு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? 'உள்ளூர் ருசி' என்று அவரை பர்கர், வர்க்கி பர்கர் என ஒரு பட்டியல் கையில் இருக்கிறது, அது சரிவருமா? ஃப்ரைஸுக்கு ஊட்டிக் கிழங்கையே போட்டால் வண்டி வாடகை மிச்சம்தானே?

கடைக்கணக்கு:

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் சார். புதுப் பெயர் சேர்ப்பது கடைசி வேலை. இந்த ஊர்க்காரர் எதைச் சாப்பிடமாட்டார், எந்த நாளில் சாப்பிடமாட்டார் என்பதுதான் முதல் கேள்வி.

இதை மெக்டொனால்ட்ஸ் கற்றுக்கொண்டது வெளிநாட்டில் அல்ல, அமெரிக்காவிலேயே. சின்சினாட்டியில் லூ க்ரோன் நடத்திய கிளையைச் சுற்றிக் கத்தோலிக்கர் அதிகம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள், அன்றைக்குக் கல்லா காலி. அவர் மீன் பர்கர் போடலாம் என்றார். நிறுவனத்தை நடத்திய ரே க்ராக், பன்னுக்குள் அன்னாசித் துண்டும் சீஸும் வைக்கலாம் என்றார். 1962 புனித வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள்: மீன் 350, அன்னாசி 6. அந்த மீன் பர்கர் இன்றும் மெனுவில் இருக்கிறது.

நமக்கு அந்த வெள்ளிக்கிழமை என்பது புரட்டாசி. பிறகு கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள், கிறிஸ்தவர்களின் தவக்காலம், நீலகிரிப் படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா விரதம். நீலகிரியில் இந்த நாட்களை ஒரு காலண்டரில் குறித்துப் பாருங்கள், சிக்கனை மட்டும் நம்பிய கடை எத்தனை வாரம் மந்தமாகக் கிடக்கும் என்று தெரியும். அந்த வாரங்களைத் தாங்குகிற அளவுக்கு ஒரு சைவ அயிட்டம் உறுதியாக வேண்டும். ஒன்று போதும், ஆறு வேண்டாம்.

மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லி வசந்த் விஹாரில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியும் இல்லை, பன்றியும் இல்லை. மஹாராஜா மேக் என்ற பர்கர் முதலில் ஆட்டிறைச்சியில் வந்தது, பிறகு சிக்கனுக்கு மாறியது. இவை கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள். கிச்சனுக்குள் நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது: சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வரிசை, தனி ஃப்ரையர், தனிக் கரண்டி. சைவப் பக்கம் நிற்பவருக்குப் பச்சை ஏப்ரன். சைவ பர்கருக்கு முட்டையில்லாத மயோனைஸ். நம் நாட்டு லேபிள் விதிப்படி முட்டை அசைவம். வெளிநாட்டு ரெசிப்பியை அப்படியே எடுத்து வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடையும் வந்தது. முட்டையில்லாததையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் பொருள்தான் பெரிய வில்லங்கம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் தாவர எண்ணெயில் பொரிந்தது, ஆனால் ஃப்ளேவரில் மாட்டிறைச்சிச் சாறு இருந்தது. வழக்கு வந்தது, 2002இல் 1 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நீங்கள் வாங்கும் சீஸில் பாலைத் திரிக்கும் ரென்னெட் எதிலிருந்து, சாஸில் ஜெலட்டின் உண்டா, பன் மேலே பூசுவது முட்டையா பாலா என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹலால் சான்றும் அப்படியே.

மாறாதது என்ன என்று கேட்டீர்கள். பன்னின் அளவு, பேட்டியின் (பன்னுக்குள் வைக்கும் வட்டத் துண்டு) கனம், பொரிக்கும் நேரம், பர்கரை அடுக்கிக் கட்டும் முறை, எத்தனை நிமிடத்துக்குப் பிறகு தூக்கி எறிவது, இவைதான். அவர்களுடைய மெக்ஆலு டிக்கி பர்கரில் இருப்பது நம் நாட்டு உருளைக்கிழங்கு டிக்கிதான், ஆனால் அது போகிற பாதை மற்ற பர்கர் போகிற பாதையே. அதனால்தான் எத்தனை கடை போட்டாலும் அது நிற்கிறது.

வர்க்கி பர்கர் வேண்டாம். வர்க்கியின் உயிரே அந்த மொறுமொறு அடுக்கு. சாஸ் பட்ட சில நிமிடத்தில் நமுத்துப் பிரியும், கையில் நிற்காது. அதோடு நல்ல வர்க்கியை அந்த ஊர் பேக்கரியே காலையில் சுடச்சுடப் போடுகிறது. ஊரில் ஏற்கெனவே நன்றாகக் கிடைப்பதோடு மோதியவர்கள் தோற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இத்தாலியரும் கிரேக்கரும் கொண்டுவந்த எஸ்பிரெஸோ பழக்கம் ஊறிப்போயிருந்தது. அங்கே ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம் 2008இல் தன் 84 கடைகளில் 61ஐ மூடியது. பீட்சா விற்கும் டோமினோஸ் 2015இல் பீட்சாவின் ஊரான இத்தாலிக்கே போய் 2022இல் வெளியேறியது.

எண்ணெய்ச்சட்டி:

கடைக்கணக்கு அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வேன். 'பொரிக்கும் நேரம் மாறாது' என்பது சமவெளிக்கு. மலையில் அதே ருசி வரவேண்டுமென்றால் அந்த எண்களை மாற்றியே ஆகவேண்டும்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130. தண்ணீர் குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியிலும் கொடைக்கானலில் 93 டிகிரியிலும் கொதித்துவிடும். திறந்த ஃப்ரையரில் எண்ணெய்ச் சூடு அதேதான் இருக்கும், ஆனால் சிக்கனுக்குள் இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், உள்பக்கம் மெதுவாக வேகும். கோவை செட்டிங்கை அப்படியே வைத்தால் மேலே கருஞ்சிவப்பு, எலும்போரம் ரத்தம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எண்ணெயை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் குறைக்கவேண்டும். கடல்மட்டத்துக்கு 175 டிகிரி என்று எழுதிய ரெசிப்பியைக் குன்னூரில் 165, கொடைக்கானலில் 163 என்று தொடங்கி, நேரத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டுவது என்பதை வெப்பமானி சொல்லட்டும்: கனத்த துண்டின் நடுவில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி காட்டவேண்டும். தினம் முதல் மூன்று பேட்ச் பார்த்து எழுதி வையுங்கள்.

பிரஷர் ஃப்ரையர் வைத்திருந்தால் அதிலும் வித்தியாசம் உண்டு. கேஜ் 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும், ஆனால் அது வெளிக்காற்றுக்கு மேல் 12. மலையில் வெளிக்காற்றே குறைவு, அதனால் உள்ளே கொதிநிலை கோவையைவிட ஏறக்குறைய 3 டிகிரி தணிந்திருக்கும். நேரத்தைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். வால்வில் எடை ஏற்றுவது, ஸ்பிரிங்கை இறுக்குவது, எதுவும் கூடாது. உயிர்ப் பிரச்சினை.

பன் மாவில் ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைக்கலாம், காற்றழுத்தம் குறைவானதால் மாவு வேகமாகப் பொங்கிப் பிறகு அமுங்கும். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். அப்போது 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் பிசையுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவின் அளவைப் பாருங்கள்.

பாமாயில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் கலங்கிக் கெட்டியாகும், டின்னை இரவில் உள்ளறையில் வையுங்கள். கெட்டியான எண்ணெயை ஃப்ரையரில் கொட்டி ஹீட்டரை முழுதாகப் போட்டால் கம்பியருகே கருகும். முதலில் 'மெல்ட்' செட்டிங்கில் இளக்குங்கள். பயன்படுத்திய எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் சேரும் மொத்தத் துருவப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி மலைக்கும் அதேதான்.

கோவையில் நிரப்பிய சாஸ் பாக்கெட் மலையேறியதும் உப்பும், கிழிக்கும்போது சட்டையில் பீய்ச்சும். பாக்கெட்டே வேண்டாம், பம்ப் டிஸ்பென்ஸர் வையுங்கள்.

கேத்தித் தோட்டம்:

கிழங்குக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஊட்டிக் கிழங்கு குழம்புக்கும் பொரியலுக்கும் அருமை. ஃப்ரைஸுக்கு எல்லா லோடும் ஆகாது. நல்ல ஃப்ரைஸுக்கு, நீர் போக மிஞ்சும் உலர்பொருள் 20 சதவீதமாவது வேண்டும், சர்க்கரை குறைவாக இருக்கவேண்டும். இங்கே மழையில் வளர்ந்த கிழங்கில் நீர் அதிகம். குளிரில் கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், எண்ணெயில் போட்டதும் பழுப்பாகிக் கசக்கும். பலர் எண்ணெய் கெட்டுவிட்டது என்று நினைத்து எண்ணெயை மாற்றுவார்கள், தப்பு கிழங்கில் இருக்கும்.

வாங்கும் முன் சோதனை: 1 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரையுங்கள். மூட்டைக்குப் பத்துக் கிழங்கு எடுத்து, கழுவித் துடைத்துப் போடுங்கள். மூழ்கினால் ஃப்ரைஸுக்கு ஆகும், மிதந்தால் டிக்கிக்கு. பத்தில் எட்டுக் கிழங்காவது மூழ்காத மூட்டையை ஃப்ரைஸுக்கு எடுக்காதீர்கள். பிறகு நான்கு துண்டு வெட்டிப் பொரித்து நிறம் பாருங்கள்.

மலையிலிருந்து நீங்கள் கட்டாயம் எடுக்கவேண்டியது கிழங்கு அல்ல, பர்கருக்குள் வைக்கும் ஐஸ்பெர்க் லெட்யூஸ் கீரை. சமவெளி வெயிலில் அது தண்டு விட்டுக் கசக்கும், இங்கே நன்றாகக் கட்டும். கோவை கிளைகளுக்கும் இங்கிருந்தே இறக்கலாம். விடிகாலையில் அறுத்து, வெயில் ஏறும் முன் குளிரறைக்குப் போய், 2 முதல் 4 டிகிரியில் இருக்கவேண்டும். ஆப்பிள், பழுத்த வாழையோடு ஒரே அறையில் வைத்தால் அவை விடும் எத்திலீனால் நரம்பில் துருப்புள்ளி வரும். ஜூன், ஜூலை மழையில் அழுகலும், ஜனவரி உறைபனியில் இலை கருகலும் உண்டு. அந்த மாதங்களில் முட்டைகோஸைச் சீவிப் போடும் மாற்று ரெசிப்பி ஒன்று தயாராக இருக்கட்டும்.

மேட்டுப்பாளையத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அந்த ஒரு சைவ அயிட்டத்துக்கு அவரையும் கிழங்கும் சேர்ந்த பேட்டி சரியா? ஒருமுறை வெள்ளோட்டம் பார்த்ததில் எண்ணெயில் வெடித்துப் பிரிந்தது.

எண்ணெய்ச்சட்டி:

சரியான தேர்வு. படுகர் வீட்டுச் சமையலில் அவரையும் கிழங்கும் சேர்ந்தே வரும், ஊர்க்காரருக்குப் பழகிய ருசி. வெடித்ததற்குக் காரணம் ஈரம். அவரைக்கொட்டையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்திருப்பார்கள். 94 டிகிரியில் அது மெதுவாகத்தான் வேகும், அதற்குள் தண்ணீரை நிறையக் குடிக்கும். ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து, வடித்து, தட்டில் பரப்பி ஆவி போக ஆறவிடுங்கள்.

1 கிலோவுக்கு: மசித்த கிழங்கு 550 கிராம், அவரை 280, ரொட்டித்தூள் 90, சோளமாவு 40, மசாலா, உப்பு எல்லாம் சேர்த்து 40. கொடைக்கானல் கிளையில் அந்த மசாலாவில் மலைப்பூண்டு சேருங்கள், 2018இல் விண்ணப்பித்துப் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, பெயரைப் பலகையிலும் போடலாம். 80 கிராம் உருண்டை, ஒன்றரை சென்டிமீட்டர் கனம். மைதாக்கரைசல், ரொட்டித்தூள், பிறகு மைனஸ் 18 டிகிரியில் முழுதாக உறையட்டும். உறைந்ததை அப்படியே 163 டிகிரியில் போடுங்கள். பாதி இளகியதைப் போட்டால் மறுபடி வெடிக்கும்.

கடைக்கணக்கு:

பேக்கிங்கை யாரும் தொடவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், ஸ்ட்ரா, கேரிபேக் எல்லாம் தடை. நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. கோவை ஸ்டாக்கை லாரியில் ஏற்றிவிட்டால் சோதனைச் சாவடியிலேயே நிற்கும். குளிர்பானத்தைக் கண்ணாடி டம்ளரில் கொடுங்கள், குடிக்கும் தண்ணீருக்கு ஃபில்டர் வையுங்கள். அந்த டம்ளரைக் கழுவ எவ்வளவு வெந்நீர், எத்தனை ஆள் என்பதை இப்போதே கிச்சன் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள், சீசன் மே மாதம் வந்தபின் இடம் கிடைக்காது.