ஸ்வீட் கார்ன் பொக்கையாகவும் இனிப்பில்லாமலும் வருகிறது, விதை போலியா?

உடுமலைக்காரி:
வணக்கம். வைகாசியில் வீட்டுப் புறக்கடையில், வாய்க்கால் ஓரமாக ஒரே வரிசையில் 14 ஸ்வீட் கார்ன் செடி வைத்தேன். ஆள் உயரம் வளர்ந்தது. கதிரை உரித்தால் பாதி மணி இல்லை, பாட்டி பல்வரிசை மாதிரி பொக்கை. இருக்கிற மணியிலும் சில இனிக்குது, பல சப்பென்று மாவாக இருக்கு. பாக்கெட் விதைதான், ஏமாற்றிவிட்டார்களா? மேற்கே ரோட்டைத் தாண்டினால் ஒருத்தர் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டிருக்கிறார், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

வரப்போரம்:
போரான் பற்றாக்குறை. நுண்ணூட்டம் தெளிங்க.

கதிர்மீசை:
போரானை அப்புறம் பார்க்கலாம். உச்சியில் இருக்கும் கொண்டைதான் ஆண் பூ. கதிர் நுனியில் தொங்கும் மீசையில் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குப் போகிறது, எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ அந்த இடம் பொக்கை. வைகாசி விதைப்பு ஆடியில் பூத்திருக்கும், உங்கள் ஊர் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மகரந்தம் எம்மாத்திரம்? ஒற்றை வரிசையில் உங்கள் செடியின் தூள் கிழக்கே போய்விட்டது, மேற்கே இருந்து தீவனச் சோளத்தின் தூள் வந்து விழுந்திருக்கிறது. இனிப்புக் குணம் மக்காச்சோளத்தில் ஒடுங்கு பண்பு (தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் வெளியே தெரியும்), தீவனச் சோளத்தின் மகரந்தம் விழுந்த மணி அந்தக் கதிரிலேயே மாவாகிவிடும், அடுத்த தலைமுறை வரை காத்திருக்காது. அதனால் விதைக்காரரைத் திட்டுவதற்கு முன் இரண்டு கதிரை முற்றவிட்டுக் காய வையுங்கள். சுருங்கினவை உங்கள் செடியின் பிள்ளை, உப்பினவை ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை.

வரப்போரம்:
சரிங்க, காற்றை நான் யோசிக்கலை.

உடுமலைக்காரி:
அந்தச் சுருங்கின மணியை விதைக்கு வைக்கலாமா? தள்ளி வைப்பதென்றால் என் இடம் மொத்தமே மூன்று சென்ட்.

கதிர்மீசை:
விதை உற்பத்திக்கு 200 மீட்டர் இடைவெளி சொல்வார்கள், மூன்று சென்ட்டில் அது நடக்காது. காலத்தால் பிரியுங்கள், இரண்டு பயிரும் பூப்பதற்கு நடுவே மூன்று நான்கு வாரம் இருந்தால் போதும். வரிசையை விட்டுவிட்டு நாலுக்கு நாலு கட்டமாக நடுங்கள். விதைக்கென்று ஐந்தாறு கதிரைத் தேர்ந்தெடுத்து, மீசை வெளியே வருமுன்னே காகித உறை மாட்டிவிடுங்கள் (மீசை தெரிந்தபிறகு மாட்டிப் பயனில்லை, நான் முதல் வருஷம் செய்த கூத்து அதுதான்). மீசை இரண்டு அங்குலம் வந்ததும், சாயங்காலம் நாலைந்து கொண்டைகளுக்கு உறை கட்டி, மறுநாள் காலை ஒன்பது பத்து மணிக்குள் தட்டி, சேர்ந்த மஞ்சள் தூளைக் கலந்து மீசையில் கொட்டி, உடனே மறுபடி மூடுங்கள். வெயில் ஏறினால் தூள் செத்துவிடும்.

ஒன்று மட்டும். பாக்கெட்டில் ஹைபிரிட் என்று போட்டிருந்தால் அதன் பிள்ளைகள் உயரம், கதிர் அளவு எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு மாதிரி வரும், இனிப்பு மட்டும் போகாது. சில செடியிலிருந்தே வருஷாவருஷம் விதை எடுத்தால் சோளம் சீக்கிரம் நோஞ்சானாகிவிடும், அதனால் தெரிந்தவர்கள் நாலு பேர் ஒரே ரகத்தைப் போட்டு விதையைக் கலந்துகொள்ளுங்கள்.

மாடிச்சோளம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். உப்பின மணியை விதைத்தால் இனிப்பு திரும்ப வராதா?

கதிர்மீசை:
வரும். உப்பினதை மட்டும் தனியாக விதைத்து, அவற்றுக்குள்ளேயே மகரந்தம் சேர விட்டால் கதிரில் ஏறக்குறைய நாலில் ஒரு மணி சுருங்கும். அதைப் பொறுக்கி விதையுங்கள். தீவனச் சோளத்தின் முரட்டுத் தண்டும் கொஞ்சம் சேர்ந்து வரலாம், எனக்கு அது பிடிக்கும்.

உடுமலைக்காரி (மூன்று வாரம் கழித்து):
காய வைத்து எண்ணினேன். ஒரு கதிரில் உப்பினது 131, சுருங்கினது 58. விதைக்காரரைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அண்ணன் புரட்டாசிக் கடைசியில் விதைக்கிறாராம், நான் கார்த்திகை வரை பொறுத்துப் போடுகிறேன். காகித உறைக்கு மளிகைக்கடையில் சொல்லிவைத்தாச்சு.