புதுப்பிப்பு: மோட்டாரை நிறுத்தினால் வைஃபை ரிலே ரீசெட் ஆகும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பாலக்கோட்டில் வீட்டு போர்வெல், 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். வைஃபை ரிலே (வைஃபை வழியாக இயக்கும் சுவிட்ச் மாட்யூல்) 230 வோல்ட் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) காயிலை இயக்குகிறது. நிறுத்தும் நேரத்தில் மாட்யூல் ரீசெட் ஆகி, மோட்டார் தானாகத் திரும்ப ஓடியது.

அடாப்டர் மாற்றியதில் பலனில்லை. ரௌட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேலை செய்தது ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் சிறு சர்க்யூட்) யோசனை: 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 (மெயின் லைனில் நேரடியாகப் போடத் தகுந்த வகை) கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக, காயிலின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே. காயில் விடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் அங்கேயே அடங்கிவிடுகிறது. சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டர் போடாதீர்கள், எக்ஸ்2 தான் வேண்டும்.

ஸ்னப்பரை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடச் சொன்னவர்கள் கவனிக்க: ரிலே ஆஃபில் இருந்தாலும் சுமார் 7 மில்லிஆம்பியர் கசியும், இன்டிகேட்டர் விளக்கு மங்கலாக எரியும்.

எதிர்பாராதது ஒன்று. ஸ்னப்பர் போட்ட பிறகும் டேங்க்கில் தண்ணீர் மட்டம் பார்க்கும் ஃப்ளோட் சென்சார் அவ்வப்போது பொய்யாக 'நிரம்பியது' காட்டியது. சென்சார் வயரும் மோட்டார் வயரும் ஒரே பைப்பில் போயிருந்தன. தனிப் பைப்பில் பிரித்து, 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் (சிக்னல் வயரை அந்த வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கொடுத்ததும் நின்றது. நீண்ட வயருக்கு மாட்யூலின் உள் புல்-அப் போதாது.

பவர் வந்ததும் ரிலே ஆஃபிலேயே இருக்கும்படி செட்டிங்கையும் மாற்றிவிடுங்கள். கரன்ட் போய் வந்தால் இதுவே காப்பு.