ரெமிஷன் என்றார்கள், அப்புறம் அந்த 0.08 வந்தது

மகளின் அம்மா:
மகளுக்கு பி-செல் ஏ.எல்.எல்., ஒரு வகை இரத்தப் புற்றுநோய். முதல் கட்ட கீமோவான இண்டக்‌ஷன் 29ஆம் நாள் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். ஸ்லைடில் பிளாஸ்ட் (முதிராத செல்) 2 சதவீதம், ரெமிஷன், அதாவது நோய் அடங்கிவிட்டது என்றார்கள். சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ டெஸ்ட் ரிப்போர்ட்: எம்.ஆர்.டி., அதாவது மிச்சமிருக்கும் நோய், 0.08 சதவீதம். "ரெமிஷன்னு சொன்னீங்களே டாக்டர்?" என்றேன். அவர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பேனாவால் எட்டுப் புள்ளி வைத்தார். "பத்தாயிரம் செல்லுக்கு இத்தனை. மைக்ராஸ்கோப்புக்கு இது தெரியாது. 0.01-க்குக் கீழே வரணும்." மடியில் இருந்த மகள் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். எட்டு வரை சரியாக எண்ணிவிட்டு, சபாஷ் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரைக்காரன்:
0.08-க்கு இவ்வளவு பயம் வேண்டாம் சகோதரி. எனக்கு சி.எம்.எல்., இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய். அந்த நோயைக் காட்டும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். ஜீன் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்த அன்று டாக்டர் கை கொடுத்தார். இமாடினிப் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். ஒரு தடவை 0.04 இருந்தது 0.3 ஆனது. ரிப்போர்ட்டைப் பார்த்தவர் திட்டவில்லை, "எத்தனை நாள் மாத்திரையை விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பதினோரு நாள். என் மனைவிக்கு அதுவரை தெரியாது, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் அண்ணன்:
மேலே எழுதியவருக்கு: தயவுசெய்து இப்படி ஒப்பிடாதீர்கள். சி.எம்.எல்.-இல் 0.1 நல்ல செய்தி, ஏ.எல்.எல். இண்டக்‌ஷன் முடிவில் 0.08 பாசிட்டிவ், அதாவது நோய் மிச்சம் இருக்கிறது. நோய் வேறு, அளக்கும் பொருளும் வேறு.

என் தம்பிக்கு எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்று வந்தது. ஸ்வீட் வாங்கப் போன வழியில்தான் கடைசி வரியைப் படித்தேன்: "மாதிரியில் இரத்தம் கலந்துள்ளது." முதல் ஊசியில் வந்ததை ஸ்லைடுக்கும் மற்ற டெஸ்டுக்கும் கொடுத்துவிட்டு, நாலாவதை எம்.ஆர்.டி.-க்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நெகட்டிவை நம்புவதா? இன்றுவரை தெரியாது.

அதனால் சகோதரி, அடுத்த முறை முதல் இழுப்பை எம்.ஆர்.டி.-க்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இழுக்க இழுக்க மஜ்ஜை குறைந்து இரத்தம் கூடும், எண் பொய்யாகக் குறையும். முடிந்தவரை அதே லேபுக்குப் போகட்டும், மாதிரி தாமதமாகக் கூடாது, செல் செத்துவிடும். எத்தனை லட்சம் செல் எண்ணினார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். மஜ்ஜை மீண்டு வரும்போது பிறக்கும் நல்ல இளம் பி-செல்களும் நோய் செல் மாதிரியே தெரியும், பழகிய கண்தான் பிரித்துச் சொல்லும். முதல் நாள் ரிப்போர்ட்டில் நோய் செல்லின் அடையாளம் இருக்கும், அதையும் கையோடு கொண்டு போங்கள்.

மகளின் அம்மா:
அடுத்த கட்ட கீமோவான கன்சாலிடேஷன் முடிந்து இன்று திரும்ப எடுத்தார்கள். முதல் இழுப்பைக் கேட்டேன். நர்ஸ் சிரித்து, முதல் ட்யூபில் ஏற்கெனவே எம்.ஆர்.டி. என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். மகள் மயக்கம் தெளிந்ததும் கேட்டது, "இந்தத் தடவை எத்தனை புள்ளிம்மா?"