எஸ்டீம் கீழ் ஆர்ம்: தகடு எதுவரை, புஷ் எது?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் 1997 மாருதி எஸ்டீமை மண் ரேலிக்குத் தயார் செய்கிறேன். போன வாரம் திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் (செம்மணல் மேட்டில்) ஓட்டியபோது, பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. கழற்றிப் பார்த்தால் இடது கீழ் ஆர்மில் (முன் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை), பின் புஷ் (ஆர்ம் வண்டியில் மாட்டும் இடத்து ரப்பர் உருளை) ஓரமாக மயிரிழை விரிசல். துருவைத் தேய்த்துவிட்டு நகத்தால் தடவினால் தட்டுகிறது. புஷ் ரப்பரும் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறது.

விரிசல் விட்ட ஆர்மைப் பற்றவைத்து ஓட்ட மனமில்லை. புது ஆர்ம் வாங்கி, புஷ்ஷையும் பால் ஜாயிண்ட்டையும் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) கழற்றிவிட்டு, வலுவுக்காக ஆர்மின் திறந்த பக்கத்தை 2 மி.மீ. தகட்டால் பெட்டி மாதிரி மூடலாம் என்றிருக்கிறேன். கோணாமல் இருக்க ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டி, விட்டு விட்டு வெல்டு. ஆனால் தகட்டை எங்கே நிறுத்துவது? தகடு முடிகிற இடத்திலேயே அடுத்த விரிசல் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் புஷ். லேத் பட்டறை அண்ணன் நைலானில் கடைந்து தருகிறேன் என்கிறார். ஆர்ம் திரும்புவதோடு கொஞ்சம் சாயவும் வேண்டுமே; நைலான் இடம் கொடுக்காது, அடி நேராக பாடியில் இறங்கும். பாலியூரித்தேன் என்றால் ஷோர் ஏ (கடினத்தின் அளவு) 80-ஆ, 95-ஆ? தேரி மணல் கிரீஸோடு சேர்ந்தால் அரைத்துவிடும். அதற்கு நல்ல ரப்பரே மேலா? மண்ணில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.