98% சல்ஃப்யூரிக் அமிலம், அசிட்டோன்: ஒரே கையுறை போதுமா?

கேள்வி: கேனிலிருந்து 98% சல்ஃப்யூரிக் அமிலம் ஊற்றும் வேலை, பிறகு அசிட்டோனில் பாகங்களைத் துடைக்கும் வேலை. இரண்டுக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை சரிவருமா? உடைக்குப் பருத்திக் கோட் போதுமா?

பதில் 1: இரண்டுக்கும் நைட்ரைல் வேண்டாம். அசிட்டோன் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். அடர் அமிலம் அதைச் சிதைக்கும். பியூட்டைல் ரப்பர், 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல், இரண்டையும் தாங்கும். ஆனால் வேலைக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக வையுங்கள். அமிலம் ஒட்டிய கையுறையில் அசிட்டோன் பட்டால் கடுமையாகச் சூடேறும். வாங்குமுன் தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் ரசாயனம், அதே செறிவில், எத்தனை நிமிடம் ஊடுருவாமல் தாங்கும் என்று பாருங்கள். இஎன் 374 (ரசாயனக் கையுறைக்கான ஐரோப்பியத் தரம்) முத்திரை மட்டும் போதாது. அது எல்லா ரசாயனத்துக்குமான உத்தரவாதம் அல்ல.

பதில் 2: பருத்தி அமிலத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் நியோப்ரீன் ஏப்ரன், காகிள்ஸ், அதன்மேல் ஃபேஸ் ஷீல்டு. பேன்ட்டை ரப்பர் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழியும் அமிலம் நேராகப் பாதத்துக்குப் போகும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பதில் 3: பின்னாளில் அசிட்டோனுக்குப் பதில் டொலுவீன் என்ற கரைப்பானுக்கு மாறினால் பியூட்டைல் உதவாது, உப்பிவிடும். அதற்கு வைட்டான் (ஃப்ளூரின் கலந்த ரப்பர்) கையுறை.