தாள் முடிந்த பிறகு குழுவில் எதைப் பேசலாம், எப்போது பேசலாம்? – அனுபவப் பகிர்வு

மாணவர் குழு அட்மின், கியூர்பிப்

வணக்கம். நம் மொரீஷியஸில் அக்டோபர் வந்து பள்ளி இறுதித் தேர்வுகளான எஸ்.சி., எச்.எஸ்.சி. தாள்கள் தொடங்கினால் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நிமிடத்துக்கு நிமிடம் செய்தி. 'மூணாவது கேள்விக்கு என்ன போட்டே?' என்பதில் ஆரம்பித்து அழுகையில் முடிகிறது. பேசவே கூடாது என்று தடுத்தால் பிள்ளைகள் வேறு குழு திறந்துகொள்கிறார்கள். எங்கே தவறு நடக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

தேர்வு மேற்பார்வையாளர், போர்ட் லூயிஸ்

முதலில் நேரம். தேர்வு முடிந்து 24 மணி நேரம் ஆகும்வரை தாளில் இருந்ததைப் பேசவோ பகிரவோ கூடாது என்பது, இந்தத் தாள்களை அமைக்கும் இங்கிலாந்துத் தேர்வு அமைப்பான கேம்பிரிட்ஜ், மாணவர்களுக்குத் தரும் அறிவிப்பிலேயே இருக்கிறது. சமூக ஊடகமும் அதில் அடக்கம். திங்கள் காலை 11.15க்கு முடிந்த தாளைப் பற்றிச் செவ்வாய் காலை 11.15க்கு முன் ஒரு வரிகூட வரக்கூடாது.

'அதுதான் எழுதி முடித்தாயிற்றே' என்று கேட்கிறார்கள். இங்கே முடிந்தது, எல்லா இடத்திலும் முடியவில்லை. நவம்பரில் நமக்குக் காலை 11 மணி என்றால் தென்னாப்பிரிக்காவில் 9, இங்கிலாந்தில் 7. இந்தக் கடிகார வேறுபாட்டுக்காகத்தான் கேம்பிரிட்ஜ் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு 'முக்கிய நேரம்' வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மாணவர் தேர்வு அறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சில நாள்களில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பிள்ளைகளை வெளியே விடாமல் உட்கார வைப்பது இதனால்தான். தண்டனை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டிக் காத்த நேரத்தை ஒரு குரல் பதிவு கெடுத்துவிடும்.

கணித ஆசிரியர், ரோஸ் ஹில்

24 மணி கழிந்த பிறகு நடக்கும் குழப்பத்தைச் சொல்கிறேன். 'மேத்ஸ் பேப்பர் 1, கேள்வி 8' என்று எழுதினால் போதாது. தாளின் முகப்பில் உள்ள முழு எண்ணையும் எழுத வேண்டும். 4024/12 என்றால் 4024 பாடம், 1 தாள், 2 அந்தத் தாளின் வகை. ஒரே தாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பையன் 4024/11 தாளுக்குப் போட்ட விடைகளை இங்கே பார்த்து, தான் தோற்றுவிட்டதாக நம்பி, மறுநாள் தாளைப் படிக்காமல் போகும் பிள்ளைகள் உண்டு. இயற்பியல் 5054இன் 40 கொள்குறி வினாக்களில் இது இன்னும் மோசம். அங்கே 'ஏ, சி, பி, டி' என்று வெறும் எழுத்து வரிசையைத்தான் அனுப்புகிறார்கள். வகை மாறினால் அந்த வரிசைக்குப் பொருளே இல்லை.

அடுத்தது, விடையை மட்டும் பேசும் பழக்கம். கூம்பின் கொள்ளளவைக் கண்டு அதிலிருந்து எடையைக் கணக்கிடச் சொல்லும் 4 மதிப்பெண் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜின் விடைக்குறிப்பில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண், சரியான விடைக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்திருப்பார்கள். கொள்ளளவைப் பெருக்கும்போது சறுக்கினாலும், அந்தத் தவறான எண்ணை வைத்து எடையைச் சரியான முறையில் கண்டால் வழிமுறைக்கான மதிப்பெண் வரும். குழுவிலோ 'உன் விடை தப்பு, 4 போச்சு' என்று ஒரே போடு. ஆகையால் கேள்வி எண், உட்பிரிவு, மதிப்பெண், செய்த படிகள் இந்த நான்கும் இல்லாத செய்திக்கு யாரும் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. நினைவிலிருந்து எழுதும்போது 6.4 என்பது 4.6 ஆகிவிடும். எனவே 'எனக்கு நினைவிருக்கும் அளவில்' என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

'போன வருஷம் இத்தனைக்கு இந்தக் கிரேடு' என்று கணக்குப் போடுவதையும் நிறுத்தலாம். கிரேடு எல்லை ஒவ்வொரு பருவத்திலும் விடைத்தாள்களைத் திருத்திய பிறகே முடிவாகிறது. தாள் கடினமாக இருந்தால் எல்லை இறங்கும்.

லேப் பொறுப்பாளர், போர்ட் லூயிஸ்

செய்முறைத் தேர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓட்டை அதிகம் இருப்பது அங்கேதான். எந்த உப்பு, எந்தக் கரைசல், எவ்வளவு செறிவு என்ற இரகசியக் குறிப்பு தயாரிப்புக்காகப் பள்ளிக்கு முன்கூட்டியே வரும். லேபில் இடம் போதாவிட்டால் மாணவர்களை இரண்டு பிரிவாக எழுத வைப்பார்கள். முதல் பிரிவும் இரண்டாம் பிரிவும் சந்திக்காதபடி பிரித்து வைப்பது கட்டாயம்.

இதில் இரண்டு வழியாகக் கசிகிறது. ஒன்று, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு 'காப்பர் சல்பேட் பாட்டில் மேசையில் இருக்கிறது' என்று போடும் செய்தி. அனுப்பும் பிள்ளைக்கு அது வம்பளப்பு. தேர்வு விதிப்படி அது முறைகேட்டில் சேரும். இன்னொன்று, முதல் பிரிவு முடித்தவர் டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலோடு வினைபுரிய மற்றொன்று எவ்வளவு தேவை என்று அளக்கும் சோதனையில், தனக்கு வந்த அளவை, 24.6 என்று வைத்துக்கொள்ளுங்கள், நண்பனுக்கு அனுப்புவது. அது நண்பனுக்கே கேடு. தன் அளவுக் குழாயான பியூரெட் வேறு எண்ணைக் காட்டும்போது தான் பார்த்ததை விட்டுவிட்டுக் கேட்டதை எழுதுவான். மதிப்பெண்ணோ அந்தப் பள்ளியில் மேற்பார்வை ஆசிரியர் அதே கரைசலில் செய்து பதிந்த அளவோடு ஒப்பிட்டு வருகிறது.

தமிழாசிரியை, திரியோலே

தமிழ்த் தாளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் கிரியோலில் பேசி, தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். அப்படி எழுதினால் மனமும் மணமும் ஒன்று, பள்ளியும் பல்லியும் ஒன்று. வலி, வழி, வளி மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். விடைத்தாளில் மதிப்பெண் போவது அந்த ன, ண, ல, ள, ழ வேறுபாட்டில்தானே? 'நானும் அதையேதான் எழுதினேன்' என்று இருவர் மகிழ்வார்கள், ஒருவர் எழுதியது பிழையாக இருக்கும். எனவே தமிழ்த் தாளைப் பேசினால் தமிழ் எழுத்தில் பேச வேண்டும். போனில் தமிழ் விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம்.

கட்டுரையைப் பேசும்போது இன்னொரு கவனம் வேண்டும். லெசனில் (தனி வகுப்பில்) மனப்பாடம் செய்த முன்னுரையை ஒருவர் போட்டதும் மற்றவர்கள் தங்களுடையது மட்டம் என்று துவண்டு போகிறார்கள். கட்டுரைக்கு ஒரே விடை கிடையாது. தலைப்பை எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதை மட்டும் பேசுங்கள் ஐயா, போதும்.

பெற்றோர், ரோஸ் ஹில்

முடிவு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரும் இன்டெக்ஸ் எண்ணும் தெரியும் முடிவுச் சீட்டை, அதற்கு உரிய பிள்ளையைக் கேட்காமலே யாரோ குழுவில் போட்டுவிடுகிறார்கள். இந்நாட்டில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது முறையா? 6 பாடங்களின் கிரேடு கூட்டுத்தொகையைக் கேட்டு நச்சரிப்பதும் இதே ரகம். தானாகச் சொல்பவர் சொல்லட்டும்.

தேர்வு மேற்பார்வையாளர், போர்ட் லூயிஸ்

ஒன்றை விட்டுவிட்டேன். 'நாளைக்கு வரும் தாள்' என்று யாராவது பணம் கேட்டு அனுப்பினால், அது பெரும்பாலும் ஆண்டை மாற்றிய பழைய தாள்தான். முகப்பைத் திருத்தியவர்கள் உள்பக்கங்களின் அடியில் இருக்கும் 'ஓ/என்/23' (2023 அக்டோபர்/நவம்பர்) போன்ற குறியீட்டைத் திருத்த மறந்திருப்பார்கள். ஆனால் மெய்யா பொய்யா என்று ஆராய்வது மாணவரின் வேலை அல்ல. திறக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அனுப்பியவரின் எண்ணும் வந்த நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றே பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளரிடமோ நாட்டின் தேர்வு அமைப்பான எம்.இ.எஸ். அலுவலகத்திடமோ கொடுக்க வேண்டும். அதன் பிறகு அட்மின் குழுவிலிருந்து அந்தச் செய்தியை நீக்கலாம். வாங்கிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவரும் விசாரணைக்குள் வருவார். தாள் ரத்தாகும் அளவுக்குப் போகலாம்.

மாணவர் குழு அட்மின், கியூர்பிப்

நன்றி ஐயா, நன்றி மிஸ். வாட்ஸ்அப்பில் குழுவின் பெயரைத் தட்டி, குழு அனுமதிகளுக்குள் போனால், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று வைக்க முடிகிறது. தேர்வு நாள் காலை 7 மணிக்கு அதை மூடி, மறுநாள் தாள் முடிந்த நேரம் தாண்டியதும் திறக்கப் போகிறோம். அடுத்தடுத்த நாள்களில் தாள் இருந்தால் திறக்காமல் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறோம். செய்முறைத் தேர்வு வாரம் முழுவதும் மூடியே இருக்கும். முடிவு நாளுக்கு என்ன செய்வது என்று அட்மின்கள் மூவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.